சுந்தரி வரைந்த இரண்டு மேடுகள்

மார்ச் மாதத்தில் மூன்றாவது லாட் சரக்கும் திரும்பி வந்தது. ஷூ கம்பெனி அனுப்பிய தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தடிமன் போதவில்லை. தோல் கட்டுகளை லாரியிலிருந்து இறக்கியவர்கள் இஷ்தியாக் அகமது நின்றிருந்த பக்கம் திரும்பாமலே இறக்கினார்கள்.

ஆம்பூருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது அந்தத் தோல் தொழிற்சாலை. இஷ்தியாக் அங்கே ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவர். ஈரத் தோலை உருளைக்குள் கொடுத்து, பின்பக்கத்தைச் சீவி, முழுத் தோலையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மெஷின். ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஷூ கிழியும், ஒன்று புள்ளி ஐந்துக்கு மேலே போனால் தைக்கிற ஊசி உடையும். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் அவருடைய பிழைப்பு.

அவர் சீவிய தோலை அளந்து பார்ப்பது சுந்தரியின் வேலை. அளக்க இரண்டு டேபிள்கள் உண்டு. முதல் டேபிளில் சைரா. மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது டேபிளில் சுந்தரி. தடிமன் அளக்கும் கருவியான கேஜின் வாயில் தோலைக் கொடுத்து, முள் நிற்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்குள் அதே பேச்சுதான்.

"பாய்க்கு வயசாய்டுச்சு. ஒரு தோலு கரெக்டா வருது, அடுத்த தோலு கம்மியா வருது. கை ஆடுது போல" என்றாள் ஒருத்தி.

"நோம்பு வேற. வெறும் வயித்துல நிக்கிறாரு" என்றாள் இன்னொருத்தி.

சைரா டிபன் பாக்ஸை மூடினாள். "என் டேபிளுக்கு வர்றதுல பாதிக்கு மேல ரிஜெக்ட் பண்றேன். எனக்கே பேஜாரா இருக்குது. சுந்தரி அக்கா டேபிளுக்குப் போறது மட்டும் பாஸாகுது. அக்காவுக்கு இளகின மனசு."

எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரியும் சிரித்தாள். ஆனால் அவள் ஒருநாளும் இரக்கப்பட்டு எண்ணை மாற்றி எழுதியவள் இல்லை. முள் எங்கே நின்றதோ அதைத்தான் எழுதினாள். சைராதான் கொஞ்சம் கறார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் பிரேம்நாத் இஷ்தியாக்கைக் கூப்பிட்டுப் பேசினார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவர் லோடிங் பக்கம் போக வேண்டும், மெஷினுக்கு வேறு ஆள் வருவான் என்று சொன்னார். வெளியே வந்த இஷ்தியாக் தன் கைகளைத் துண்டில் துடைத்தார். சுந்தரியின் டேபிளைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றார்.

"இன்னா பாய், இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லம்மா. கட்டு தூக்கச் சொல்றாரு." அவர் வலது கையை நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார். "ஆடுதாம்மா? நீயே சொல்லு."

ஆடவில்லை. ஆனால் அவள் பதில் சொல்வதற்குள் அவர் நடந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சுந்தரிக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. விண்ணமங்கலத்தில் இறங்கும்போது ஒன்று தோன்றியது. கை ஆடுகிறதா இல்லையா என்று யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. இரண்டு பதிவேட்டிலும் ஆயிரத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் போயிற்று.

இப்படி ஒரு யோசனை தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிளஸ் டூவில் சுந்தரி கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கினாள். அந்த வருடம் அப்பா படுத்த படுக்கையானதில் கல்லூரிப் பேச்சே எழவில்லை. பிறகு இன்பராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்பராஜ் மினி லாரி ஓட்டுகிறவன். மூன்று வருடம் முன்பு பீரோவைச் சுத்தம் செய்தபோது அவன் கையில் அந்த மார்க் ஷீட் அகப்பட்டது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கினு இன்னாத்துக்கு சும்மா இருக்கற?" என்று கேட்டான். அடுத்த மாதமே தொலைதூரக் கல்வியில் புள்ளியியல் பட்டத்துக்குப் பணம் கட்டினாள்.

இப்போது மூன்றாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரில் நேர்முக வகுப்பு. அங்கே பக்கத்துப் பெஞ்சில் பழக்கமானவள்தான் ஜாஸ்மின். வேலூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோயாளிகளின் சர்க்கரை அளவுகளை நாள் முழுக்கக் கணினியில் ஏற்றுகிறவள். சுந்தரிக்கு ஒரு வயது மூத்தவள். 'ஆர்' என்ற கணினி மொழியில் செய்முறைத் தேர்வு உண்டு என்று தெரிந்ததும் சுந்தரி படிப்பையே விட்டுவிடப் பார்த்தாள். பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்து, அதில் 'ஆர்' போட்டுக் கொடுத்தவள் ஜாஸ்மின். "இது காசு கேக்காது, கோச்சிக்கினு போவாது. தப்பு பண்ணா சிவப்புல திட்டும், அவ்ளோதான்" என்றாள்.

மறுநாள் சுந்தரி சைராவிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பதிவேட்டின் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சைராவின் பதிவேடு அச்சடித்ததுபோல் இருந்தது. தேதி, லாட், எண், எதுவும் விடுபடவில்லை. அதைப் பார்த்ததும் இவள் கறார் இல்லை, ஒழுங்கானவள் என்று சுந்தரிக்குத் தோன்றியது. பொங்கலுக்கு முந்தைய பக்கங்களிலிருந்து ஆரம்பித்து, விடிகாலை ஒரு மணி நேரம், சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் என்று ஒரு வாரம் எண்களை ஏற்றினாள். ஒவ்வொரு தோலிலும் முதுகுப் பக்க அளவை மட்டும் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் தேதி, எந்த டேபிள் என்று இரண்டு கட்டங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, காலி வகுப்பறையில் லேப்டாப்பைத் திறந்தாள். ஜாஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பி வந்த லாட்டுகள் எல்லாம் பொங்கலுக்குப் பிறகு சீவியவை என்பதால், அந்த எண்களை மட்டும் பிரித்து எடுத்து, 'ஹிஸ்ட்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்தப் பட்டியலின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினாள். ஹிஸ்டோகிராம் வந்தது. எந்த அளவு எத்தனை முறை வந்திருக்கிறது என்பதைப் பட்டைகளின் உயரமாகக் காட்டும் படம் அது. இந்தப் படத்திலோ இடது ஓரத்தில் ஒரே ஒரு தடித்த பட்டை. வலது ஓரத்தில் தரையோடு ஒட்டிய ஒரு கீற்று. நடுவில் ஒன்றுமே இல்லை.

"இன்னாடி இது, பதினாலு மில்லிமீட்டர்ல ஒரு தோலு? யானையா உரிச்சீங்க?" என்று ஜாஸ்மின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்று புள்ளி நான்கு என்று அடிக்கும்போது புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தினாள். மறுபடி வரைந்தால் நான்கு புள்ளி ஒன்றில் ஒரு கீற்று. அதுவும் எண்ணை மாற்றி அடித்தது. அதையும் பதிவேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினாள். இரண்டு புள்ளி ஒன்றில் ஒரு தோல் இருந்தது. அது மட்டும் பதிவேட்டிலும் அப்படியே இருந்ததால் தொடாமல் விட்டாள்.

இப்போது வந்த படம் பார்க்க ஒழுங்காக இருந்தது. நடுவில் உயரமான மூன்று பட்டைகள், இரண்டு பக்கமும் சரிவு. அகலமான ஒரே மேடு. சுந்தரியின் முகம் வாடியது. மேடு அகலமாக இருக்கிறது என்றால் அளவு அங்கும் இங்கும் அலைகிறது என்று அர்த்தம். எல்லோரும் சொன்னதையே படமும் சொல்கிறது.

"கை ஆடுதுதான் போல" என்று மெல்லச் சொன்னாள்.

ஜாஸ்மின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டையோட அகலத்த யாரு முடிவு பண்ணது? நீயா?"

"அதுவே போட்டுக்கிச்சு."

"அப்போ அதுவா போட்டத அப்படியே நம்புவியா? ஒரு பட்டை ஜீரோ பாயிண்ட் ஒன் அகலம். உன் கேஜ் அதுல பத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டுது. ஒல்லியாக்கிப் பாரு."

பட்டைகளின் எண்ணிக்கையை மாற்ற 'பிரேக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. சுந்தரி அதில் முப்பது என்று கொடுத்தாள். 'ஆர்' தனக்குச் சௌகரியமான வேறொரு எண்ணிக்கையில் வரைந்து காட்டியது. "எண்ணிக்கையக் கொடுத்தா அது யோசனைன்னுதான் எடுத்துக்கும். எங்க வெட்டணும்னு கோட்டக் கொடு" என்றாள் ஜாஸ்மின். சுந்தரி ஒன்றிலிருந்து இரண்டு வரை, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு இடைவெளியில் வெட்டு என்று எழுதினாள். சிவப்பு எழுத்து வந்தது. எல்லா எண்களும் அதற்குள் அடங்கவில்லை. அந்த இரண்டு புள்ளி ஒன்று தோல் வெளியே நின்றது. முடிவை இரண்டு புள்ளி இரண்டு என்று மாற்றினாள்.

படம் வந்ததும் இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

ஒரு மேடு இல்லை. இரண்டு. ஒன்று புள்ளி இரண்டு எட்டில் ஒரு மேடு, ஒன்று புள்ளி நான்கு ஒன்றில் இன்னொரு மேடு. நடுவில் பள்ளம். இரண்டு மேடுமே ஒல்லியாக, நெட்டையாக நின்றன.

"இது கை ஆட்டம் இல்ல சுந்தரி. கை ஆடினா எல்லா எடத்துலயும் சிதறிப்போயிருக்கும். இது ரெண்டு வேற வேற கூட்டம். எதால ரெண்டாச்சுன்னு பாரு" என்றாள் ஜாஸ்மின்.

சுந்தரி டேபிள் வாரியாகப் பிரித்தாள். சைராவின் எண்களுக்கு ஊதா, தன் எண்களுக்கு ஆரஞ்சு. ஒன்றை ஒன்று மறைக்காமல் இருக்க நிறத்தைக் கண்ணாடிபோல் மெல்லியதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தாள். ஊதா முழுக்க இடது மேட்டில். ஆரஞ்சு முழுக்க வலது மேட்டில். கத்தியால் வெட்டியதுபோல்.

ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே லாட். டேபிள் மாறினால் அளவு மாறுகிறது. அப்படியானால் இரண்டு கேஜில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. ஷூ கம்பெனி 'போதவில்லை' என்று திருப்பியது சுந்தரி பாஸ் செய்த தோல்களை.

அப்படியென்றால் பொய் சொல்வது தன் கேஜ்தான். ஜாஸ்மினுக்கும் அது புரிந்துவிட்டது என்று சுந்தரிக்குத் தெரிந்தது. இன்னும் ஒன்று மட்டும் பார்த்துவிடலாம் என்று, பொங்கலுக்கு முந்தைய எண்களை எடுத்துத் தனியாக வரைந்தாள். அதில் ஊதாவும் ஆரஞ்சும் ஒரே இடத்தில், ஒன்று புள்ளி நான்கில், ஒன்றோடொன்று கலந்து நின்றன.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஈரக் கையிலிருந்து கேஜ் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்தாள். முள் ஆடியது, கண்ணாடி உடையவில்லை. யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இஷ்தியாக் முதல் தோலைச் சீவிவிட்டு, பக்கத்தில் இருக்கிற இவள் டேபிளுக்குத்தான் கொண்டுவந்தார். "பாரும்மா, எவ்ளோ இருக்குது?" இவள் "ஜாஸ்தி பாய், இன்னும் கொஞ்சம் எறக்குங்க" என்பாள். அவர் மெஷினை இறக்குவார். அவர் தவறாமல் இறக்கியது இவள் சொன்ன தவறான அளவுக்கு.

"அவரு என்னை நம்பித்தாண்டி சீவினாரு" என்று சொல்லிவிட்டுச் சுந்தரி அழுதாள். ஜாஸ்மின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்து, பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

வீட்டில் இன்பராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

"அனுப்பினா அனுப்பட்டும். நீ சொல்லிடு" என்றான். பிறகு, "நானும் கூட வரட்டா?" என்றும் கேட்டான். வேண்டாம் என்றாள். ஆனால் அவன் கேட்டதே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

திங்கள்கிழமை மேனேஜரிடம் காட்டுவதற்குப் படத்தை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான். ஊதாவும் ஆரஞ்சும் ஒரே சாம்பலாகிவிடும். அதனால் நிறத்தை எடுத்துவிட்டு, சைராவின் பட்டைகளுக்கு இடப்பக்கம் சாய்ந்த கோடுகள், தன் பட்டைகளுக்கு வலப்பக்கம் சாய்ந்த கோடுகள் போட்டாள். தூரத்தில் தனியாக நின்ற அந்த ஒரு தோலுக்காகப் படம் பாதி காலியாக இருந்தது. படத்தின் எல்லையை ஒன்று புள்ளி ஆறோடு நிறுத்தி, விட்டுப்போன ஒரு தோலைப் பற்றி அடியில் குறிப்பு எழுதினாள். மறைத்துவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒன்று புள்ளி மூன்றிலும் ஒன்று புள்ளி ஐந்திலும் எல்லைக் கோடுகள். முதலில் தலைப்பில் 'தடிமன் அளவுகள்' என்று எழுதியிருந்தாள். அதை அழித்துவிட்டு, 'டேபிள் இரண்டின் கேஜில் பிழை' என்று எழுதினாள். அதை எழுதத்தான் அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

திங்கள் காலை வேலை தொடங்குமுன் சைராவைக் கூப்பிட்டாள். ஒரே தோலில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்கள். சைராவின் கேஜில் ஒன்று புள்ளி இரண்டு ஏழு. சுந்தரியின் கேஜில் ஒன்று புள்ளி நான்கு. மூன்று தோலில் பார்த்தார்கள். மூன்றிலும் அப்படியே.

"அய்யோ அக்கா" என்றாள் சைரா. பிறகு அவளே இரண்டு கேஜையும் துணியில் சுற்றி, புள்ளி வைத்த தோலோடு எடுத்துக்கொண்டு, "வாங்க, நானும் வர்றேன்" என்றாள்.

பிரேம்நாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"தப்பு என்கிட்ட சார். பொங்கலுக்கு அப்புறம் கேஜ் கீழ விழுந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அன்னையிலருந்து ஜாஸ்தி காட்டுது. பாய் என் கணக்கப் பாத்துத்தான் மெஷின் செட் பண்ணாரு." மூச்சு வாங்கிக்கொண்டு, படத்தில் விரலை வைத்தாள். "இந்த மேடு எவ்ளோ ஒல்லியா இருக்குது பாருங்க சார். கை ஆடறவரு சீவினா இப்படி வராது. ரெண்டரை மாசம், ஆயிரத்து இருநூறு தோலு. ஒரு நாள் கூட அவரு கை ஆடல."

பிரேம்நாத் நெற்றியைத் தேய்த்தார். எழுந்து வந்து, சாக்பீஸ் புள்ளி வைத்த தோலைத் தானே இரண்டு கேஜிலும் அளந்து பார்த்தார். சுந்தரி அடுத்து வரப்போகும் வார்த்தைக்குத் தயாராக நின்றாள்.

"கீழ விழுந்தா சொல்லணும்மா" என்றார் அவர். அவ்வளவுதான் திட்டு. பிறகு நாற்காலியில் சாய்ந்து, "நானும் பாத்திருக்கணும். ரெண்டு கேஜையும் மாசா மாசம் செக் பண்ணணும்னு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கறோம். யாரு பண்றோம்?" என்றார். இஷ்தியாக்கை அழைத்து வரச் சொல்லி சைராவை அனுப்பினார்.

இஷ்தியாக் வாசலில் தயங்கி நின்றார். பிரேம்நாத் எழுந்து, "பாய், நான் அவசரப்பட்டுட்டேன். நீங்க எங்கயும் போவ வேணாம்" என்று சொல்லி, தாளை அவரிடம் நீட்டினார்.

அவருக்குப் படம் புரியவில்லை. சுந்தரி பக்கத்தில் வந்து விளக்கினாள். ஒவ்வொரு பட்டையும் அவர் சீவிய தோல்கள், உயரம் என்பது எத்தனை தோல் என்ற எண்ணிக்கை, இது என் கேஜ் சொன்ன பொய், இது சைரா கேஜ் சொன்ன உண்மை. "உங்க பேர நான்தான் கெடுத்தேன் பாய். மன்னிச்சிடுங்க" என்றாள்.

இஷ்தியாக் அந்த ஒல்லியான மேட்டின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார்.

"இருபத்திரண்டு வருசமா ஓட்றேன்" என்றார். "நல்லா சீவினன்னைக்கு யாரும் ஒண்ணும் சொன்னது இல்ல. அது வழக்கம் இல்லம்மா. தப்பானாத்தான் கூப்புடுவாங்க. என் கைய இப்படி உக்காந்து பாத்தது நீ ஒருத்திதான்." தாளை நான்காக மடிக்கப்போனவர், மடிக்காமல் நிமிர்ந்தார். "இத நான் வெச்சிக்கலாமா? வூட்ல காட்டணும். பத்து நாளா அவ சரியா சாப்பிடல."

பிரேம்நாத் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

புதுக் கேஜ் வர நான்கு நாளானது. அதுவரை இரண்டு பெண்களும் சைராவின் கேஜையே மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். மெஷினை ஏற்றி வைத்துச் சீவிய முதல் லாட், ரம்ஜானுக்கு மறுவாரம் ஷூ கம்பெனிக்குப் போனது. திரும்பி வரவில்லை. இப்போது திங்கள்தோறும் பிரேம்நாத் "இந்த வாரத்துப் படம் எங்கம்மா?" என்று கேட்கிறார். சுந்தரி டேபிள் வாரியாக வரைந்து ஒட்டுகிறாள். வெட்டும் இடங்களும் எல்லைக் கோடுகளும் ஒவ்வொரு வாரமும் மாறாமல் இருக்கும்படி ஒரு சின்ன நிரலாக எழுதி வைத்துவிட்டாள். எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

மே மாதம் செய்முறைத் தேர்வு நடந்தது. ஆண்களும் பெண்களுமாகச் சிலரின் உயரங்களைக் கொடுத்து ஹிஸ்டோகிராம் வரையச் சொல்லியிருந்தார்கள். சுந்தரி முதலில் வந்த படத்தோடு நிற்கவில்லை. பட்டையை ஒல்லியாக்கிப் பார்த்தாள், பிறகு பிரித்துப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் ஜாஸ்மினும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் இருவரும் வேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கரும்புச்சாறு குடித்தார்கள். "நீ அன்னைக்கு ஒல்லியாக்கிப் பாருன்னு சொல்லலன்னா, நானும் அவரு கையத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள் சுந்தரி.

"நீ வரைஞ்சதுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்றாள் ஜாஸ்மின். ஆம்பூர் பஸ் வந்துவிட்டது. சுந்தரி சொல்ல நினைத்த நன்றியைச் சொல்லாமலே ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை எடுத்து, அதை நிதானமாக எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்கும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டிருந்தது.